விண்ணப்பம் செய்யும் உரிமை



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவது பழகிப்போன காரியம். பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வேலை மாற்றம் என்று எதற்கெடுத்தாலும் ஒரு தாளும் பேனாவும் வேண்டியிருக்கின்றன. ஆயினும், நாட்டின் மிக உயர்ந்த சபையாகிய பாராளுமன்றத்திற்கே ஒரு சாதாரணப் பிரஜை நேராக விண்ணப்பம் செய்துகொள்ளலாம் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. எவ்வாறு எழுதினால் அந்த விண்ணப்பம் செல்லும், எவ்வாறு எழுதினால் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டவர் அவர்களினும் சிலர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாங்களும் ஒரு காலத்தில் இதை அறியாதவர்களாகவே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். தென்னாட்டுக்குச் செல்லும் இரயில்களில் முன்பதிவில்லாத பெட்டிகள் போதவில்லை. திருவிழாக் காலங்களில் குழந்தைகளையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு ஏழைக் குடும்பங்கள் படும் பாடு சொல்லி முடியாது. இதுதான் குறை. பாராளுமன்றத்திற்கென்று தமிழில் எழுதிய பத்துப் பக்கங்கள், பத்திரிகைத் துண்டுகள் ஒரு கட்டு, வெற்றுத் தாள்களில் இருநூறுக்கு மேற்பட்ட கையெழுத்துகள் இவற்றை அவர் கொணர்ந்திருந்தார். நாங்கள் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தோம். சில வாரங்களில், அது விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பமாக அமையவில்லை என்ற பதில் வந்தது. “பிழை எங்கே, ஐயா?” என்று அவர் கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நாங்கள் கற்றதையே இங்கே சொல்கிறோம்.

விண்ணப்பம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், இன்னார் ‘விண்ணப்பஞ் செய்ய’ அரசன் ஆணையிட்ட செய்தி பல இடங்களில் வருகிறது. பாரசீகம் ஆட்சி மொழியாக விளங்கிய காலத்தில் ‘அர்ஜி’ என்ற சொல் நம் கிராமங்கள் வரை பரவிற்று. பலர் கூடிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது ‘மகஜர்’ ஆயிற்று. சொற்கள் மாறினும் கருத்து மாறவில்லை. கேட்பது குடியின் வழக்கம். கொடுப்பதும் மறுப்பதும் அரசனின் சித்தம். கேட்பது குடிகளின் உரிமை, அதைப் பெற்றுக்கொள்வது சபையின் கடமை என்ற எண்ணம் பாராளுமன்ற ஆட்சி முறையோடு வளர்ந்தது.

இங்கிலாந்தில் அந்த எண்ணம் எளிதில் வேரூன்றிவிடவில்லை. 1661-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இருபது பேருக்கு மேல் கையெழுத்திடும் விண்ணப்பங்களுக்கு உள்ளூர் நீதிபதிகள் போன்றோரின் முன்னனுமதி வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1669-இல், காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் செய்தது. குறையுடைய எந்தக் குடிமகனும் சபைக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது அவன் பிறப்புரிமை என்றும், அதைப் பெற்றுக்கொள்வது சபையின் உரிமை என்றும் அத்தீர்மானம் கூறியது. இன்று நம் பாராளுமன்றத்தில் வழங்கும் முறைக்கு மூலம் அதுவே எனலாம்.

அதே நாட்டில், ஒரு நல்ல நோக்கம் விண்ணப்பத்தின் குறைபாட்டினாலேயே நகைப்புக்கு இடமான கதையும் நிகழ்ந்தது. வாக்குரிமை இல்லாத தொழிலாளர்கள் ‘சார்ட்டிஸ்டுகள்’ என்ற பெயரில் ஆறு கோரிக்கைகளை முன்வைத்துப் போராடி வந்தார்கள். வயது வந்த ஆண்கள் அனைவர்க்கும் வாக்கு, இரகசிய வாக்குச் சீட்டு, உறுப்பினர்க்கு ஊதியம் முதலியன அவை. 1848 ஏப்ரலில் அவர்கள் காமன்ஸ் சபைக்கு மாபெரும் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தேழு இலட்சம் பேர் கையெழுத்திட்டிருப்பதாகத் தலைவர்கள் கூறினார்கள். சபையின் எழுத்தர்கள் எண்ணிப் பார்த்தபோது 19,75,496 பெயர்களே இருந்தன. அவற்றுள்ளும் விக்டோரியா மகாராணியின் பெயர் இருந்தது; வெல்லிங்டன் பிரபுவின் பெயர் பல முறை வந்திருந்தது; கேலிப் பெயர்களுக்கும் குறைவில்லை. அச்செய்தி வெளியானதும் கோரிக்கைகளைப் பற்றிய பேச்சு அடங்கிப் பொய்க் கையெழுத்துகளைப் பற்றிய சிரிப்பு எழுந்தது. உண்மையாகக் கையெழுத்திட்ட இலட்சக்கணக்கான ஏழைகளின் குரல் அதில் அமிழ்ந்து போயிற்று. ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல் என்ற ஒன்று நீங்கலாக, அந்த ஆறில் ஐந்து கோரிக்கைகள் பிற்காலத்தில் சட்டமாயின. கேட்டது நியாயம், கேட்ட தாள்தான் பழுது.

இந்த நிகழ்ச்சிக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், நம் சென்னை நகரிலிருந்து அதே பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் கடல் கடந்து சென்றது. காஜுல லட்சுமிநரசு செட்டியார் சென்னை வணிகர். 1844-இல் ‘கிரசெண்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கியவர். அவர் முன்னின்று 1852-இல் நிறுவிய சென்னைச் சுதேச சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்படவிருந்த தருணத்தில், சென்னை மாகாணத்துக் குடிகளின் குறைகளைத் தொகுத்து அனுப்பிற்று. நிலவரியின் கடுமை, நீதிமன்றங்களின் தாமதம், கல்விக்குப் போதிய பொருள் ஒதுக்காமை ஆகியவற்றோடு, வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையையும் அது எடுத்துரைத்தது.

1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் சங்கத்திற்கு ஏமாற்றமே அளித்தது. ஆனாலும் விண்ணப்பம் வீணாகவில்லை. டான்பி செய்மூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்து நிலைமையை நேரில் கண்டார். 1854-இல் காமன்ஸ் சபையில் இந்தச் சித்திரவதை பற்றி விவாதம் நடந்தது. அவ்வாண்டிலேயே எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் கமிஷன் சென்னையில் நியமிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் அதனிடம் வந்து குவிந்தன. கொடுமை நடப்பது உண்மையே என்று 1855-இல் வெளிவந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’ என்ற கருவியின் பெயர், தமிழ்ச் சொல்லாகவே, ஆங்கில எழுத்துகளில் அந்த அறிக்கையில் நிற்கிறது. உழவன் பட்ட வேதனையின் பெயர் அவன் மொழியிலேயே அதிகார ஏட்டில் ஏறியது. மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு அது மறக்கவொண்ணாத பாடம்.

லண்டனில் ஐம்பத்தேழு இலட்சம் என்று சொல்லிக்கொண்ட விண்ணப்பம் ஏன் தோற்றது? சென்னையிலிருந்து சென்ற விண்ணப்பம் ஏன் ஒரு கமிஷனையே பிறப்பித்தது? காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. சென்னை விண்ணப்பம் சோதித்துப் பார்க்கத்தக்க செய்திகளைச் சொன்னது. சோதித்தார்கள், அவை மெய்யென்று நிலைத்தன.

இனி நம் நாட்டின் மத்திய சபைகளுக்கு வருவோம். 1921 செப்டம்பர் 15-ஆம் நாள், அக்காலத்து ராஜாங்க சபையில் உறுப்பினர் ஒருவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுமக்களின் விண்ணப்பங்களை ஆராய, சாட்சியம் பெறும் அதிகாரமுள்ள ஒரு குழு வேண்டும் என்பது அதன் சாரம். இதை ஆராய அரசாங்கம் அமைத்த குழு, சாட்சியம் பெறும் அதிகாரத்தைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. பொதுக் காரியங்களைப் பற்றிய விண்ணப்பங்களை மட்டும் ஏற்கலாம் என்றது. அதன்படி 1924 பிப்ரவரி 20-ஆம் நாள் மத்திய சட்டசபையில் விண்ணப்பக் குழு அமைந்தது. கேட்கும் செவியைக் கொடுத்து, வினவும் நாவைக் கொடாமல் விட்ட ஏற்பாடு அது. எனினும் இன்றைய மக்களவைக் குழுக்களில் மிகப் பழமையான குழுக்களுள் ஒன்று அந்த விதையிலிருந்து முளைத்ததே.

விடுதலைக்குப் பின் நிலைமை விரிந்தது. லோக் சபை எனப்படும் மக்களவையிலும், ராஜ்ய சபை எனப்படும் மாநிலங்களவையிலும் தனித்தனியே விண்ணப்பக் குழுக்கள் உள்ளன. மக்களவைக் குழுவில் பதினைந்துக்குக் குறையாத உறுப்பினர்கள். மாநிலங்களவைக் குழுவில் பதின்மர். மக்களவைக் குழுவில் அமைச்சர் எவரும் இடம்பெறலாகாது. மாநிலங்களவையில் 1964 வரை, மசோதாக்களையும் சபையின் முன்னுள்ள பிற அலுவல்களையும் பற்றி மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. அவ்வாண்டில் இயற்றிய விதிகள் பொதுநலம் பற்றிய எந்த விஷயத்துக்கும் வாசலைத் திறந்தன. இன்று இக்குழுக்கள் அமைச்சக அதிகாரிகளை அழைத்து வினவுகின்றன. விண்ணப்பதாரரையும் அழைத்துக் கேட்கின்றன. 1921-இல் மறுத்த நா இப்போது கிடைத்திருக்கிறது.

இனி, அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். மக்களவையின் விதிகளை வைத்துச் சொல்கிறோம். மாநிலங்களவையின் விதிகளும் பெரும்பாலும் இவற்றை ஒத்தவையே.

முதலாவது, விஷயம். வெளியிடப்பட்ட அல்லது சபையில் அறிமுகமான மசோதாவைப் பற்றி விண்ணப்பிக்கலாம். சபையின் முன்னுள்ள அலுவலைப் பற்றி விண்ணப்பிக்கலாம். பொதுநலம் பற்றிய விஷயத்துக்காகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நீதிமன்றமோ, தீர்ப்பாயமோ, விசாரணைக் கமிஷனோ கவனிக்க வேண்டியதைப் பாராளுமன்றத்திற்குக் கொண்டுசெல்லலாகாது. மாநிலச் சட்டசபையில் எழுப்பவேண்டியது, சபையில் தனித் தீர்மானமாகக் கொண்டுவரத்தக்கது, சட்டத்திலும் விதிகளிலும் ஏற்கெனவே பரிகாரம் உள்ளது ஆகியவையும் விலக்கு. தெருக் குழாயில் தண்ணீர் வராததற்குப் பாராளுமன்றத்தை நாடுவது, தபால் நிலையத்தில் போய் அரிசி கேட்பது போலாகும். இரயில்வே மத்திய அரசைச் சார்ந்தது. ஆகவே முதியவர் தட்டிய வாசல் சரியான வாசலே.

இரண்டாவது, அமைப்பு. விண்ணப்பம் சபையை விளித்துத் தொடங்க வேண்டும். விண்ணப்பிப்பவர் யார் என்பதை, ‘இன்ன ஊர் வாசிகள்’ என்றாற்போல, சுருக்கமாகச் சொல்லவேண்டும். பின்னர்ச் செய்தியைச் சுருங்கக் கூறி, முடிவில் வேண்டுகோளைத் திட்டமாக வைக்கவேண்டும். இந்த வேண்டுகோள்தான் விண்ணப்பத்தின் உயிர். முதியவரின் பத்துப் பக்கங்களில் துயரம் இருந்தது, கோபம் இருந்தது, அதிகாரிகள் மீது வசையும் இருந்தது. சபை என்ன செய்யவேண்டும் என்ற ஒரு வாக்கியம் இல்லை. ‘இன்ன இரு நகரங்களுக்கிடையே ஓடும் இரயில்களில் முன்பதிவில்லாத பெட்டிகள் இத்தனைக்குக் குறையலாகாது என்று அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்’ என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி பத்துப் பக்கங்களின் பணியைச் செய்திருக்கும்.

மூன்றாவது, நடையும் மொழியும். மரியாதையும் நிதானமும் உள்ள நடையிலேயே எழுதவேண்டும் என்பது விதி. வசை ஏற்கப்படாது. விண்ணப்பம் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். வேறு மொழியில் எழுதினால் இவ்விரண்டில் ஒன்றில் மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் விண்ணப்பதாரர் கையெழுத்திட வேண்டும். ஆகவே தமிழில் எழுதத் தடையில்லை. கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு உடன் செல்லவேண்டும், அவ்வளவே. இங்கே ஒரு வேறுபாட்டை நம்மவர் கருத்தில் கொள்ளவேண்டும். அரசியல் சாசனத்தின் 350-ஆவது ஷரத்து, எந்தக் குறைக்கும் பரிகாரம் வேண்டி, மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் மத்திய அரசில் வழங்கும் மொழிகளில் எழுதலாம் என்றும், மாநில அதிகாரிக்கு அம்மாநிலத்தில் வழங்கும் மொழிகளில் எழுதலாம் என்றும் உரிமை தருகிறது. அது அலுவலகங்களுக்குக் கொடுக்கும் மனுக்களைப் பற்றியது. பாராளுமன்ற விண்ணப்பத்துக்கு மேற்சொன்ன சபை விதியே வழிகாட்டி.

நான்காவது, கையெழுத்து. ஒவ்வொருவரும் முழுப் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை பதிக்கலாம். பலர் சேர்ந்து விண்ணப்பித்தால், விண்ணப்பம் எழுதிய தாளிலேயே ஒருவரேனும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்துகள் பல தாள்களில் செல்லுமானால், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் வேண்டுகோளைத் திரும்ப எழுதவேண்டும். இதற்குக் காரணம் என்ன? எதற்கென்று அறியாமல் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டவர் எதற்கும் உடன்பட்டவராக மாட்டார். அவர் பெயரை எவரும் எந்தக் காகிதத்தோடும் தைத்துவிடலாம். 1848-இல் லண்டனில் எழுந்த சிரிப்பை நினைத்தால் இவ்விதியின் அருமை விளங்கும். முதியவரின் இருநூறு கையெழுத்துகளும் மெய்யானவை; ஆனால் அவை மெய்யென்று காட்ட அத்தாள்களில் ஒன்றுமில்லை.

ஐந்தாவது, இணைப்புகள் கூடா. கடிதங்கள், பிரமாணப் பத்திரங்கள், வேறு ஆவணங்கள் எவையும் விண்ணப்பத்தோடு சேர்க்கலாகாது. பத்திரிகைத் துண்டுகள் அந்த மூட்டையில் இருந்திருக்கவே கூடாது.

ஆறாவது, சேர்ப்பிக்கும் வழி. உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டுச் சபையில் சமர்ப்பிக்கலாம். அல்லது சபையின் பொதுச் செயலருக்கு நாமே அனுப்பலாம். உறுப்பினர் தம் சொந்த விண்ணப்பத்தைத் தாமே சமர்ப்பிக்கலாகாது. சமர்ப்பிக்கும்போது விவாதமும் இல்லை. பிறகு அது குழுவுக்குச் செல்கிறது. விதிகளுக்கு உட்படாத கடிதங்களையும் கூட மக்களவைக் குழு முறையீடுகளாகக் கருதிக் கவனிப்பதுண்டு. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாதவை குப்பைக்கே போகும். வேறொருவருக்கு எழுதியதன் நகலை, தனி வேண்டுகோள் எதுவும் குறிக்காமல் அனுப்பினாலும் பயனில்லை.

இத்தனை விதிகளுக்கும் உட்பட்டு எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களைச் சமூகத்தோடு இணைக்கவும், அவர்களுக்கு உரிமைகள் வழங்கவும் வேண்டி மாநிலங்களவைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றும் குணமாகக்கூடிய நோய் அது. அவ்வாறிருந்தும், அதைக் காரணம் காட்டிக் கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ விவாகரத்துச் செய்யப் பழைய சட்டங்கள் இடமளித்து வந்தன. மாநிலங்களவை விண்ணப்பக் குழு 2008-இல் தன் 131-ஆவது அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை நீக்கவேண்டும் என்றது. சட்டக் கமிஷன் முதலிய அமைப்புகளும் அவ்வாறே கூறின. 2019-இல் பாராளுமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம், 1954-ஆம் ஆண்டு தனித் திருமணச் சட்டம், 1955-ஆம் ஆண்டு ஹிந்துத் திருமணச் சட்டம், 1956-ஆம் ஆண்டு ஹிந்துத் தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் ஆகிய ஐந்திலிருந்தும் அந்த வாசகங்கள் நீங்கின. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய ஒரு விண்ணப்பம், ஒன்றரை நூற்றாண்டுப் பழமையான சட்டத்தை மாற்றும் முயற்சியில் பங்கு கொண்டது.

முன்னாள் படைவீரர்களின் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்ற வேண்டுகோளும் இவ்வழியே சென்றதுதான். அதை ஆதரித்து மாநிலங்களவைக் குழு 2011 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2015-இல் அரசாங்கம் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஆண்டுகள் பல சென்றதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். குழுவின் பரிந்துரை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையன்று. பொறுமை வேண்டும், அமைப்பாகக் கூடிச் செயலாற்றுவதும் வேண்டும். ஆயினும் ஒழுங்காக எழுதப்பட்ட விண்ணப்பம் சபையின் ஏட்டில் ஏறுகிறது. அமைச்சகம் அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாநிலத்தில் பிறந்து வேறொரு மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றவர்கள் உள்ளூர்த் தேர்தல்களில் எண்ணிக்கையால் செல்வாக்குப் பெறுவது அரிது. விண்ணப்பத்துக்கு அந்த எண்ணிக்கை தேவையில்லை. மெய்யான ஒரு பெயரும் திட்டமான ஒரு வேண்டுகோளும் இருந்தால் போதும்.

அந்த முதியவர் பின்னர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு உரிய காலத்தில் விடை சொல்ல எங்களால் இயலவில்லை. இன்று யாரேனும் விண்ணப்பத்தோடு வந்தால், நாங்கள் முதலில் அகராதியைத் திறப்பதில்லை. “சபை என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள்? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்” என்று கேட்கிறோம். அந்த வாக்கியம் கிடைத்த பிறகே பேனாவை எடுக்கிறோம்.